காளை விந்தணுவின் புரதங்களும் சினைப்பிடிப்பும்

1. விந்தணுவும் புரதமும்

விந்தணு தனக்கு வேண்டிய புரதத்தைத் தானே செய்துகொள்ள முடியாத உயிரணு. உடலின் மற்ற உயிரணுக்கள் உட்கருவில் உள்ள மரபுச் செய்தியைப் படியெடுத்து, வேண்டிய நேரத்தில் வேண்டிய புரதத்தைக் கட்டிக்கொள்கின்றன. முதிர்ந்த விந்தணுவில் உட்கரு இறுகப் பூட்டப்பட்டுவிடுகிறது. புரதம் கட்டும் உறுப்புகளும் ஏறத்தாழ முழுவதும் களையப்பட்டுவிடுகின்றன. ஆகவே முட்டையைச் சேரும் வரை அது பயன்படுத்தும் ஒவ்வொரு புரதமும் ஒன்று முன்கூட்டியே உள்ளே வைக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது வழியில் வெளியிலிருந்து வந்து ஒட்டியிருக்க வேண்டும். விந்தகத்தில் சில, அதையடுத்த எபிடிடைமிஸில் சில, விந்து வெளிப்படும் நொடியில் துணைச் சுரப்பிகளிலிருந்து சில என மூன்று தவணைகளில் புரதங்கள் ஏறுகின்றன. பசுவின் உடலுக்குள் போன பிறகு அவற்றுள் சில இறங்குகின்றன. ஏறுவதும் இறங்குவதும் உரிய நேரத்தில் உரிய அளவில் நடந்தால்தான் சினை நிற்கும்.

இந்தப் புரதக் கணக்கு காவிரி டெல்டாவின் மாட்டுத் தொழுவங்களையும் தொடுகிறது. அந்த டெல்டாவின் கடைமடையில், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களுக்கு நடுவே சுமார் 160 சதுர கிலோமீட்டரில் அமைந்த காரைக்கால், ஆட்சியில் புதுச்சேரியைச் சேர்ந்தது. மாடு வளர்ப்பில் டெல்டாவைச் சேர்ந்தது. சேற்று உழவுக்குப் பெயர் பெற்ற உம்பளச்சேரி மாட்டின் வழங்கிடம் காரைக்காலைச் சூழ்ந்துள்ள இதே வயல்வெளிதான். நாகை மாவட்டத்து உம்பளச்சேரி என்ற ஊரின் பெயரே இனத்தின் பெயராயிற்று. செந்நிறமாகப் பிறந்து சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும் கன்று இந்த இனத்தின் அடையாளம். உழவை டிராக்டர் எடுத்துக்கொண்ட பிறகு தொழுவங்களில் ஜெர்சிக் கலப்பினப் பசு பெருகியது. ஊர்ப் பொலிகாளையிடம் பசுவை ஓட்டிப்போகும் வழக்கம் குறைந்து, சினை ஊசி பொதுவழக்காயிற்று.

சினை ஊசியில் செலுத்தப்படுவது உறைவிந்துக் குச்சி. 0.25 மில்லிலிட்டர் கொள்ளும் மெல்லிய குழாயில் சுமார் 2 கோடி விந்தணுக்கள் அடைக்கப்பட்டு, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் காக்கப்படுகின்றன. தஞ்சை மாவட்டத்து ஈச்சங்கோட்டை, நீலகிரியின் உதகமண்டலம், சென்னையை அடுத்த அலமாதி ஆகிய இடங்களில் இத்தகைய குச்சிகளைத் தயாரிக்கும் நிலையங்கள் உள்ளன. காளை ஒருமுறை வெளியிடும் விந்திலிருந்தே நூற்றுக்கணக்கான குச்சிகள் கிடைக்கும். ஊர்க்காளை குறைபட்டதாக இருந்தால் பாதிப்பு அந்த ஊரோடு நிற்கும். நிலையத்துக் காளையின் விந்தணுவில் ஒரு புரதம் குறைந்தால், அந்தக் குறை ஆயிரக்கணக்கான தொழுவங்களுக்குப் பரவும்.

2. விந்தகத்தில் ஏறுபவை

காளையில் ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 61 நாள் ஆகும். அதன் கடைசிக் கட்டத்தில் உட்கருவின் தோற்றமே மாறுகிறது. டி.என்.ஏ. இழையைச் சுற்றியிருந்த ஹிஸ்டோன் புரதங்கள் விலக, அவற்றின் இடத்தில் புரோட்டமின் என்ற சிறு புரதம் அமர்கிறது. சுவிட்சர்லாந்தின் பிரீட்ரிக் மீஷர் 1874இல் ரைன் ஆற்றுச் சால்மன் மீனின் விந்தணுவிலிருந்து இதை முதலில் பிரித்தெடுத்தார். காளையின் புரோட்டமினில் சுமார் 50 அமினோ அமிலங்களே உண்டு. அவற்றில் பெரும்பகுதி, நேர்மின் கொண்ட ஆர்ஜினின். எதிர்மின் கொண்ட டி.என்.ஏ.வை இது நெருக்கிச் சுருட்டுகிறது. சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் கந்தகப் பிணைப்புகளால் அந்தச் சுருளை முடிந்துவைக்கிறது. மனிதரிலும் குதிரையிலும் இரண்டு வகைப் புரோட்டமின்கள் விந்தணுவில் இருக்க, காளை முதல் வகையை மட்டுமே நம்பியிருக்கிறது. ஹிஸ்டோன் முழுமையாக விலகாத விந்தணுவில் டி.என்.ஏ. எளிதில் அறுபடும். அத்தகைய விந்தணு நன்றாக நீந்தவும் கூடும், முட்டைக்குள் நுழையவும் கூடும். கரு வளராமல் போவது அதன் பிறகே தெரியவரும்.

வால் பகுதியின் புரதங்களும் இங்கேயே கட்டப்படுகின்றன. டியூபுலின் இழைகளை டைனீன் என்ற இயக்கப் புரதம் சறுக்கவைப்பதால் வால் துடிக்கிறது. வாலைச் சுற்றிய நார் உறையில் அமைந்த ஏகேஏபி4 என்ற புரதம், அந்தத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் நொதிகளுக்கு இருக்கை தருகிறது. தலையின் முனையில் அக்ரோசோம் என்ற பை நொதிகளால் நிரப்பப்படுகிறது. முட்டையோடு இணைவதற்கான இசுமோ1, டிஎம்இஎம்95 ஆகிய சவ்வுப் புரதங்களும், முட்டையை விழிக்கச்செய்யும் பாஸ்போலைப்பேஸ் சி சீட்டாவும் இதே கட்டத்தில் இடம்பெறுகின்றன.

இந்த வேலைகள் நடக்க விந்தகத்தின் வெப்பம் உடல் வெப்பத்தைவிடச் சில டிகிரி குறைவாக இருக்க வேண்டும். விதைப்பை உடலுக்கு வெளியே தொங்குவதும், விந்தகத்துக்குப் போகும் சூடான தமனி இரத்தம் திரும்பிவரும் குளிர்ந்த சிரை இரத்தத்தோடு உரசி வெப்பத்தை இழப்பதும் இதற்காகவே. கடலோர டெல்டாவில் சித்திரை, வைகாசியில் வெயிலோடு ஈரக்காற்றும் சேர்வதால் வியர்வை எளிதில் ஆவியாகாது; உடல் குளிர்வதற்கான வழி அடைபடுகிறது. வெப்பம் தாக்கிய நாளிலேயே விந்து கெடுவதில்லை. அன்று பாதி உருவாகியிருந்த விந்தணுக்கள் பல வாரங்களுக்குப் பின்பே வெளிவரும் என்பதால், கத்திரி வெயிலின் கேடு ஆடி மாதத்து விந்தில் தெரியலாம். திமில் கொண்ட நாட்டினங்களுக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. அவற்றின் விந்தகத் தமனி நீளமானது, சுவர் மெல்லியது, சிரையோடு மிக நெருங்கிச் செல்வது. ஜெர்சி போன்ற குளிர்நாட்டுக் காளைகளை உதகமண்டலத்தில் வைத்து விந்து சேகரிப்பதும் இந்த வெப்பக் கணக்கோடு பொருந்துகிறது.

3. எபிடிடைமிஸில் ஏறுபவை

விந்தகத்தை விட்டு வெளியேறும் விந்தணுவுக்கு நீந்தவும் தெரியாது, முட்டையை அறியவும் தெரியாது. 30 மீட்டருக்கும் மேல் நீண்டு சுருண்டுகிடக்கும் எபிடிடைமிஸ் குழாயை ஒரு வாரத்துக்கும் மேலாகக் கடக்கும்போதுதான் அந்தத் திறன்கள் வருகின்றன. குழாயின் உட்சுவர் புரதங்களைச் சுரக்கிறது. எபிடிடைமோசோம் என்ற நுண்குமிழிகள் அவற்றில் பலவற்றைச் சுமந்துவந்து விந்தணுவின் சவ்வில் சேர்க்கின்றன.

இவற்றுள் பீட்டா-டிஃபென்சின் 126 குறிப்பிடத்தக்கது. கிருமியை எதிர்க்கும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்த இது, சர்க்கரைச் சங்கிலிகள் நிறைந்த போர்வையாக விந்தணுவை மூடுகிறது. கருப்பை வாயின் கோழையை ஊடுருவ இந்தப் போர்வை உதவுகிறது. பசுவின் நோய் எதிர்ப்பு அணுக்களிடமிருந்தும் விந்தணுவை மறைக்கிறது. பி25பி என்ற மற்றொரு புரதம், சினைப்பிடிப்பு குறைந்த காளைகளின் விந்தணுவில் குறைவாக இருப்பதைக் கனடாவின் லவால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டனர். இஎல்எஸ்பிபிபி1 என்ற புரதம் இதற்கு நேர்மாறானது. அது எபிடிடைமிஸிலேயே இறந்துபோன விந்தணுக்களில்தான் ஒட்டுகிறது. மாதிரியில் அது மிகுந்திருந்தால் இறந்த விந்தணு மிகுந்திருக்கிறது என்று பொருள்.

4. விந்துநீரில் ஏறுபவை

விந்து வெளிப்படும்போது விந்துப்பை முதலான துணைச் சுரப்பிகளின் நீர் விந்தணுவோடு கலக்கிறது. காளையின் விந்துநீரில் உள்ள புரதத்தில் சுமார் பாதி ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. பிஎஸ்பி1, பிஎஸ்பி3, பிஎஸ்பி5 என்று எண்ணிடப்பட்ட இந்தப் புரதங்களைக் கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் புட்டசாமி மஞ்சுநாத் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். முதலாவதற்குப் பிடிசி-109 என்ற பழைய பெயரும் உண்டு. 109 அமினோ அமிலங்கள் கொண்டதால் வந்த பெயர் அது. சவ்வுக் கொழுப்புகளோடு அது பிணையும் விதத்தையும், பிற புரதங்கள் நிலைகுலையாமல் காக்கும் அதன் தன்மையையும் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் முஸ்தி சுவாமியின் குழு விரிவாக ஆய்ந்துள்ளது.

பிஎஸ்பி புரதங்கள் விந்தணுச் சவ்வில் உள்ள கோலின் கொழுப்புகளைப் பற்றிக்கொள்கின்றன. பற்றியவுடன் சவ்விலிருந்து கொஞ்சம் கொலஸ்டிராலையும் பாஸ்போ கொழுப்பையும் வெளியே இழுக்கின்றன. சவ்வு இளகுவது பின்னால் வரும் வேலைக்குத் தேவை. இயற்கைச் சேர்க்கையில் விந்தணு சிறிது நேரத்திலேயே விந்துநீரை விட்டுக் கருப்பை வாய்க்குள் நுழைந்துவிடுவதால், இழுப்பு அளவோடு நின்றுவிடுகிறது. அதே விந்துநீரில் விந்தணுவை மணிக்கணக்கில் விட்டுவைத்தால் கொழுப்பு தொடர்ந்து வெளியேறி, சவ்வு தளர்ந்து, விந்தணு சாகிறது. ஆயத்தம் செய்யும் புரதமே நேரம் கடந்தால் கேடு செய்கிறது.

விந்துநீர்ப் புரதங்களின் வேலை விந்தணுவோடு முடிவதுமில்லை. லாமா, ஒட்டகம் ஆகியவற்றில் விந்துநீரில் உள்ள நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம் பெண் விலங்கின் முட்டை வெளியேற்றத்தையே தூண்டுகிறது. 2012இல் வெளியான ஆய்வு அந்தப் புரதம் எது என்பதை நிறுவியது. பசுவில் முட்டை வெளியேற்றம் இத்தகைய தூண்டலுக்குக் காத்திருப்பதில்லை. விந்துநீர் மிகவும் நீர்க்கப்பட்ட உறைவிந்தால் மாட்டில் சினை பிடிக்கவைக்க முடிவதற்கு அது ஒரு காரணம்.

5. பசுவின் உடலுக்குள்

அண்டநாளத்தின் கீழ்ப்பகுதியை அடையும் விந்தணுக்கள் அங்குள்ள சுவரில் ஒட்டி ஓய்வெடுக்கின்றன. கார்னெல் பல்கலைக்கழகத்தில் சூசன் சுவாரெஸ் குழு நடத்திய ஆய்வுகள், இந்த ஒட்டுதலுக்கும் பிஎஸ்பி புரதங்களே கைகொடுக்கின்றன என்று காட்டின. சுவரின் அணுக்களில் உள்ள, ஃபியூகோஸ் என்ற சர்க்கரை தாங்கிய புரதங்களை அவை பற்றுகின்றன. முட்டை வெளியேறும் வேளை நெருங்கும் வரை விந்தணு உயிரோடு காத்திருப்பது இப்படித்தான்.

முட்டையைக் கருவூட்டும் முன் விந்தணு பெண்ணுடலில் சில மணி நேரம் இருந்தாக வேண்டும் என்பதை 1951இல் ஆஸ்டினும் சாங்கும் தனித்தனியே கண்டறிந்தனர். திறனேற்றம் எனப்படும் இந்த மாற்றத்தில் மேற்போர்வைப் புரதங்கள் களைகின்றன, சவ்வின் கொலஸ்டிரால் மேலும் குறைகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது, பல புரதங்களில் பாஸ்பேட் ஏறுகிறது. வாலின் துடிப்பு வேகம் கொள்ள, விந்தணு சுவரை விட்டு விடுபடுகிறது. பிறகு அக்ரோசோம் திறந்து, முட்டையின் சோனா உறையை விந்தணு கடக்கிறது. இசுமோ1 என்ற விந்தணுப் புரதம் 2005இல் ஜப்பானில் அடையாளம் காணப்பட்டது. முட்டையின் பரப்பில் அதற்கு இணையாக உள்ள ஜூனோ 2014இல் பிரிட்டனில் கண்டறியப்பட்டது. இவ்விரண்டும் பற்றிக்கொண்ட பின் சவ்வுகள் இணைகின்றன. உள்ளே நுழைந்ததும் பாஸ்போலைப்பேஸ் சி சீட்டா முட்டைக்குள் கால்சியம் அலைகளை எழுப்ப, கரு வளரத் தொடங்குகிறது.

6. உறைவித்தலும் முட்டை மஞ்சளும்

உறைவித்தல் இந்த வரிசையைக் குலைக்கிறது. குளிரில் சவ்வுக் கொழுப்புகள் இடம் பெயர்கின்றன. சில புரதங்கள் கழன்றுவிடுகின்றன. பசுவின் உடலில் நடக்க வேண்டிய திறனேற்றத்தின் அறிகுறிகள் குச்சிக்குள்ளேயே தோன்றிவிடுகின்றன. அப்படி முந்திக்கொண்ட விந்தணுவின் ஆயுள் குறைவு. எருமைக் கிடாவின் விந்தணுச் சவ்வு காளையுடையதைவிடக் குளிரில் எளிதாகக் கெடும் என்பதால், முர்ரா எருமையின் உறைவிந்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல்.

1949இல் பிரிட்டனில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் கிளிசரால் விந்தணுவை உறைபனியிலிருந்து காப்பதைக் கண்டனர். அதற்குப் பத்தாண்டு முன்பே, 1939-40இல், அமெரிக்காவின் பிலிப்ஸும் லார்டியும் கோழி முட்டையின் மஞ்சள் கரு காளை விந்தைக் குளிர்ச்சியில் காக்கிறது என்று காட்டியிருந்தனர். முட்டை மஞ்சளும் கிளிசராலும் சேர்ந்த கரைசலே இன்றளவும் உறைவிந்து நிலையங்களில் பெருவழக்கு. மஞ்சள் கரு ஏன் காக்கிறது என்பதற்குப் புரத ஆய்வுதான் விடை தந்தது. மஞ்சளில் உள்ள குறையடர்த்திக் கொழுப்புப் புரதம் பிஎஸ்பி புரதங்களைத் தன்னோடு கட்டிப்போடுகிறது என்பதை மஞ்சுநாத் குழு 2002இல் வெளியிட்டது. கட்டுண்ட பிஎஸ்பி, விந்தணுவின் கொழுப்பை இழுக்க முடியாது. பாலின் புரதத் துகள்களும் இதே வேலையைச் செய்கின்றன.

ஆட்டில் நிலைமை வேறு. வெள்ளாட்டுக் கிடாவின் கௌப்பர் சுரப்பி பாஸ்போலைப்பேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. அது மஞ்சள் கருவின் லெசிதினை உடைத்து, விந்தணுவுக்கு நஞ்சாகும் லைசோலெசிதினாக மாற்றுகிறது. மஞ்சளை உறையவைக்கும் இந்த நொதியை 1957இல் ராய் என்ற ஆய்வாளர் விவரித்தார். பால் சேர்த்த கரைசலிலும் கிடாவின் மற்றொரு சுரப்பு நொதி பால்கொழுப்பை உடைத்துக் கேடு விளைவிக்கிறது. ஆகவே கிடா விந்தை உறையவைக்கும்போது விந்துநீரைக் கழுவி நீக்குவார்கள், அல்லது மஞ்சளின் அளவை வெகுவாகக் குறைப்பார்கள். காளைக்குக் காப்பாகும் மஞ்சள் கிடாவுக்கு நஞ்சாவதற்குக் காரணம் இரண்டின் விந்துநீர்ப் புரதங்களும் வேறுவேறாக இருப்பதே.

7. நல்ல காளையைக் கண்டறிதல்

உறைவிந்து நிலையத்தில் விந்தை மதிப்பிடும் முதல் கருவி நுண்ணோக்கி. உருகிய பின் பாதி விந்தணுக்களாவது நகர வேண்டும் என்பது இந்தியாவின் குறைந்தபட்ச அளவுகோல். இந்தத் தேர்வில் தேறிய காளைகளுக்கு இடையிலும் சினைப்பிடிப்பில் பெரிய வேறுபாடு உண்டு. 1993இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கில்லியன் குழு ஹோல்ஸ்டீன் காளைகளின் விந்துநீரை ஆய்ந்தபோது, சினைப்பிடிப்பு மிகுந்த காளைகளில் இரண்டு புரதங்கள் மிகுந்தும், குறைந்த காளைகளில் வேறு இரண்டு மிகுந்தும் காணப்பட்டன. சினைப்பிடிப்பு மிகுந்த காளைகளில் கூடியிருந்த இரண்டும் ஆஸ்டியோபான்டின் என்றும், கொழுப்பேந்தும் வகையைச் சேர்ந்த புராஸ்டகிளாண்டின் டி சிந்தேஸ் என்றும் பின்னர் அடையாளம் காணப்பட்டன.

சினைப்பிடிப்பைக் குறைக்கும் விந்தணுக் குறைகளை இரண்டாகப் பிரிக்கும் முறை அமெரிக்க ஆய்வாளர் சாக்கே முன்வைத்தது. நீச்சலிலோ கோழையைக் கடப்பதிலோ குறை இருந்தால், குச்சியில் விந்தணு எண்ணிக்கையைக் கூட்டி ஓரளவு ஈடுசெய்யலாம். அதிகம் பேர் புறப்பட்டால் சிலராவது போய்ச் சேர்வார்கள். முட்டையை அடைந்த பின் வெளிப்படும் குறையை எண்ணிக்கையால் ஈடுசெய்ய முடியாது. புரோட்டமின் குறைபாடும் முட்டையைத் தூண்டும் புரதத்தின் குறைபாடும் இரண்டாம் வகை.

இதற்குத் தெளிவான சான்று ஐரோப்பாவின் ஃபிளெக்ஃபீ இனத்திலிருந்து கிடைத்தது. அந்த இனத்தின் சில காளைகளின் விந்து எண்ணிக்கை, நகர்வு, உருவம் என எல்லாத் தேர்விலும் தேறியது. ஆயினும் கருவூட்டிய பசுக்களில் 100க்கு 2கூடச் சினை நிற்கவில்லை. டிஎம்இஎம்95 மரபணுவில் ஏற்பட்ட ஒரே ஒரு மாற்றம் அந்தப் புரதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டதே காரணம் என்று 2014இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் நிறுவினர். இரு பெற்றோரிடமிருந்தும் அந்த மாற்றத்தைப் பெற்ற காளையின் விந்தணு முட்டை வரை சென்றும் அதனோடு இணைய முடியாது. மரபணுச் சோதனை வந்த பின் அத்தகைய கன்றை இளமையிலேயே விலக்கிவிடலாம்.

பொருண்மை நிறமாலைமானி வந்த பிறகு ஒரே மாதிரியில் ஆயிரக்கணக்கான புரதங்களை எண்ண முடிகிறது. இந்தியாவில் இந்த ஆய்வுக்குத் தூண்டுகோலானது கலப்பினக் காளைகளின் சிக்கல். அவற்றில் பெரும் பங்கு, விந்துத் தரமோ உறைதாங்கும் தன்மையோ போதாமல் நிலையங்களிலிருந்து கழிக்கப்படுகிறது. தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கர்னால், பெங்களூரு ஆய்வகங்கள் கலப்பினக் காளை, நாட்டுக் காளை, எருமைக் கிடா ஆகியவற்றின் விந்தணுப் புரதங்களை ஒப்பிட்டு வருகின்றன. ஒரு ஆய்வில் நல்லதெனப்பட்ட புரதம் மற்றோர் இனத்தில் அப்படித் தெரியாமல் போவதுண்டு. அளவு, நேரம், இனம் மூன்றும் சேர்ந்தே ஒரு புரதத்தின் பொருளைத் தீர்மானிப்பதால், ஒற்றைப் புரதத்தைவிடப் பல புரதங்களின் தொகுப்பே நம்பத்தக்க அடையாளமாகக் கருதப்படுகிறது.

8. டெல்டாவுக்கு ஆவது

புரத அளவீட்டுக்குப் பொருள் தருவது தொழுவத்துக் கணக்கு. எந்தக் காளையின் குச்சி எந்தப் பசுவுக்கு எந்த நாளில் போடப்பட்டது, 60 முதல் 90 நாளுக்குப் பின் சினைப் பரிசோதனையில் என்ன தெரிந்தது என்ற பதிவு நூற்றுக்கணக்கில் சேர்ந்தால்தான் காளையின் உண்மையான திறன் தெரியும். 12 இலக்கக் காதுவில்லையும் அதையொட்டிய தேசியத் தரவுத்தளமும் அதற்கு வழி செய்துள்ளன. ஒரு பசு சினை நிற்காததை வைத்துக் காளையைக் குறை சொல்ல இயலாது. தாது உப்புப் பற்றாக்குறை, கருப்பை நோய், பருவத்தைத் தவறவிடுதல் ஆகியவையும் அதே விளைவைத் தரும். உருகிய உறைவிந்தில் விந்தணுவின் ஆயுள் குறைவு என்பதால் நேரம் முக்கியம். காலையில் பருவத்துக்கு வந்த பசுவுக்கு மாலையிலும், மாலையில் வந்ததற்கு மறுநாள் காலையிலும் ஊசி போடுவது முறை. குச்சியை 37 டிகிரி நீரில் 30 நொடி உருக்குவதும் சவ்வுப் புரதங்களைக் காக்கும் வேலையின் பகுதியே.

உம்பளச்சேரிக்குத் தனிக் கணக்கு வேண்டும். ஹோல்ஸ்டீனில் கண்ட புரத அளவுகளைத் திமில் கொண்ட உழவு இனத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. இனம் சுருங்கச் சுருங்கச் சில காளைகளே எல்லாக் கன்றுகளுக்கும் தந்தையாகும். அப்போது மறைந்திருந்த மரபணுக் குறைகள் இருபுறமும் சேர்ந்து வெளிப்படும் வாய்ப்பு கூடும் என்பதை ஃபிளெக்ஃபீ காளைகள் காட்டின. திருவாரூர் மாவட்டத்துக் கொருக்கையில் உம்பளச்சேரிக்கான அரசுப் பண்ணை இருக்கிறது. 2012இல் தொடங்கிய ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி டெல்டாவுக்குள்ளேயே உள்ளது. காரைக்கால் சார்ந்த புதுச்சேரி ஆட்சியில் 1994இல் தொடங்கிய ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனம் இருக்கிறது. பண்ணைக் காளைகளின் விந்தணுப் புரத விவரமும், இரு ஆட்சிப் பகுதிகளின் தொழுவங்களிலிருந்து வரும் சினைப் பதிவும் ஒரே இடத்தில் சேர்ந்தால், இந்த மண்ணின் காளைக்கு எந்தப் புரதம் எந்த அளவில் வேண்டும் என்பதை இந்த மண்ணின் தரவைக் கொண்டே வகுக்கலாம்.